ஊரடங்குக் காலச் சம்பளத்தை நாங்கள் வாங்கிய விதம்

2020 மார்ச் 24 சாயங்காலம் 6 மணிக்குத் தமிழ்நாட்டில் 144 போட்டார்கள். அன்றிரவே நாடு முழுக்க 21 நாள் ஊரடங்கு என்று பிரதமர் டிவியில் அறிவித்தார். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வாரச் சம்பளம். சனிக்கிழமை கவர் கைக்கு வந்தால்தான் மளிகை, சீட்டு, வாடகை எல்லாம். அந்தச் சனிக்கிழமை கவர் வரவில்லை. திங்களும் செவ்வாயும் வேலை பார்த்த சம்பளம்கூடக் கம்பெனியிலேயே நின்றுவிட்டது. நான் அப்போது செக்கிங் பிரிவில் இருந்தேன்.

மறுநாள், மார்ச் 29, மத்திய உள்துறை அமைச்சகம் ஓர் உத்தரவு போட்டது. 2005-ஆம் ஆண்டு பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் வந்த உத்தரவு அது. தொழிற்சாலையோ கடையோ, ஊரடங்கில் மூடிக் கிடக்கும் காலத்துக்கும் தொழிலாளிக்கு உரிய தேதியில், பிடித்தம் இல்லாமல் முதலாளி சம்பளம் தர வேண்டும். வாடகை வீட்டில் இருக்கும் தொழிலாளியிடம் வீட்டுக்காரர் ஒரு மாதம் வாடகை கேட்கக் கூடாது. சங்கத்து அண்ணன் ஒருவர் அதை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். நான் அதை மேனேஜருக்கு அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, அவ்வளவுதான்.

ஏப்ரல் நடுவில் ஆளுக்கு இரண்டாயிரம் ரூபாயும் ஒரு அரிசிச் சிப்பமும் கொடுத்தார்கள். கையெழுத்து வாங்கிய தாளின் தலைப்பில் ‘முன்பணம்’ என்று இருந்தது. கேட்டதற்கு, "அதெல்லாம் ஒரு பேருக்குத்தான், போடும்மா" என்றார் டைம் ஆபீஸ்காரர். அந்தத் தாளைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டேன். "பணம் வேணும்னா பிஎஃப்ல எடுத்துக்கங்க" என்றும் சொன்னார்கள். மூன்று மாதச் சம்பளம் அல்லது இருப்பில் 75 சதவீதம், எது குறைவோ அதை எடுக்கலாம் என்று அப்போது விதி மாற்றியிருந்தது உண்மைதான். ஆனால் அது நாங்கள் சேர்த்து வைத்த காசு. நம் உண்டியலை உடைத்து நமக்கே சம்பளம் கொடுப்பதற்கு முதலாளி எதற்கு?

மே 17-ஆம் தேதி உள்துறையே அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றது. 18-ஆம் தேதி முதல் அது செல்லாது. கம்பெனியும் அந்த வாரம்தான் திறந்தது. வாசலில் காய்ச்சல் பார்க்கும் கருவி, சானிடைசர், ஒரு மேஜை விட்டு ஒரு மேஜை, சாப்பாட்டு நேரம் பிரித்துப் பிரித்து. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஒழுங்காகவே செய்தார்கள். பாக்கியைக் கேட்டால் மட்டும், "உத்தரவே போயிருச்சு. வேலையே செய்யாம சம்பளம் கேக்கறது நாயமா?" என்றார் மேனேஜர். வேலைக்கு வருகிறவர்கள் பழைய பாக்கியைப் பேசக் கூடாது என்றும் ஒரு பேச்சு சுற்றியது.

ஜூன் 12-இல் உச்ச நீதிமன்ற உத்தரவு வந்தது. முதலாளிகள் தொடுத்த வழக்கு அது. சம்பளம் தராத முதலாளிகள் மேல் கடும் நடவடிக்கை வேண்டாம் என்று சொன்ன நீதிமன்றம், இரண்டு தரப்பும் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும், முடியாவிட்டால் தொழிலாளர் துறையிடம் போகட்டும் என்றது. செய்தித்தாளில் முதல் பாதிதான் பெரிதாக வந்தது. வேலைக்குத் திரும்புவதால் பழைய பாக்கி மீதான உரிமை போய்விடாது என்றும் அதே உத்தரவில் இருந்தது. எங்களுக்குப் பிடிமானம் அந்த வரிதான்.

சேர்ந்து கையெழுத்துப் போட்டு, முதலில் கம்பெனிக்குக் கடிதம் கொடுத்தோம். வாங்க மறுத்தார்கள், ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினோம். பதில் வராததால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுத்தோம். அங்கே கம்பெனித் தரப்பு எடுத்த முதல் வாதம் தொகையைப் பற்றியதே இல்லை. "இவங்க எங்க ஆளே இல்லைங்க, கான்ட்ராக்டர் ஆளுங்க" என்றார்கள்.

இங்கேதான் காகிதம் பேசியது. அரசின் உமங் ஆப்பில் பிஎஃப் பாஸ்புக்கை எடுத்தால் மேலே நிறுவனத்தின் பெயர் இருக்கும். எங்களுடையதில் கம்பெனி பெயர்தான் இருந்தது. அப்புறம் என்னுடைய சம்பளக் கவர்கள். பழுப்புக் கவர், மேலே டோக்கன் நம்பர், பால்பாயிண்டில் அந்த வாரம் பார்த்த ஷிப்டுகளின் எண்ணிக்கை ‘ஷிப்ட் 8½’, பிடித்தம், கைக்கு இவ்வளவு. பின்பக்கம் மளிகைக் கணக்கு எழுதுவதால் நான் அவற்றைத் தூக்கிப் போடுவதில்லை. அதிகாரி திருப்பிப் பார்த்து, துவரம்பருப்பு விலையைப் படித்துவிட்டுச் சிரித்தார். கான்ட்ராக்டர் ஆள் என்றே வைத்துக்கொண்டாலும், 1970-ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின் 21-ஆம் பிரிவுப்படி கான்ட்ராக்டர் தராத சம்பளத்தைக் கம்பெனிதான் தர வேண்டும் என்றார் சங்கத்து அண்ணன். அதோடு அந்த வாதம் முடிந்தது.

அடுத்தது கணக்கு. நாங்கள் தினமும் ஒன்றரை ஷிப்ட் பார்ப்பவர்கள், அதையே சராசரியாகக் கேட்டோம். கம்பெனி ஒரு ஷிப்டுக்கு மேல் ஏறவில்லை. எங்களில் சிலருக்குக் கோபம்; எனக்கு அது சரியாகவே பட்டது, மூடிக் கிடந்த நாளுக்கு ஓவர்டைம் கேட்க முடியாது. மார்ச் 25 முதல் மே 17 வரை 54 நாள், ஞாயிறு எட்டைக் கழித்தால் 46. முழுதாகக் கேட்டோம். ஆர்டர் எல்லாம் ரத்து என்று மெயில் கட்டைக் காட்டினார்கள். தொழில் தகராறுச் சட்டத்தில் லே-ஆஃப், அதாவது வேலை தர முடியாமல் தற்காலிகமாக நிறுத்தி வைப்பது, என்றாலே பாதிச் சம்பளம் உண்டே, அதற்குக் கீழே எப்படிப் போவது என்று அதிகாரி அவர்களைக் கேட்டார். கடைசியில் 23 நாள் சம்பளம், இரண்டு தவணை, இரண்டாயிரம் ரூபாயைப் பிடிக்கக் கூடாது, மார்ச்சில் வேலை பார்த்த இரண்டு நாளுக்கு முழுச் சம்பளம் தனியாக என்று முடிந்தது. அதிகாரி முன்னிலையில், அதே சட்டத்தின் 12(3) பிரிவுப்படியான சமரச ஒப்பந்தமாக எழுதிக் கையெழுத்தானது. வாய்ப்பேச்சாக விட்டிருந்தால் முதல் தவணையோடு நின்றிருக்கும்.

சம்பளப் பட்டுவாடாச் சட்டத்தில் வழக்குப் போடும் வழியும் இருந்தது. அதற்கு அப்போது 12 மாதக் கெடு. 2025 நவம்பர் 21 முதல் அமலில் இருக்கும் புதிய ஊதியச் சட்டத் தொகுப்பில் அது மூன்று ஆண்டு. எங்களில் பலருக்கு வழக்கு என்றாலே பயம், ஆகவே அந்தப் பக்கம் போகவில்லை.

பீகார், ஒடிசா ஆட்கள் மே மாதச் சிறப்பு ரயிலில் ஊருக்குப் போயிருந்தார்கள். அவர்கள் பெயரையும் பட்டியலில் சேர்க்க வைத்தோம். வங்கிக் கணக்கு இருந்தவர்களுக்குப் பணம் போனது. கையில் காசாக வாங்கிக்கொண்டிருந்த சிலருக்கு, பிஎஃப்பும் இல்லை, கவரும் இல்லை, ஒன்றும் செய்ய முடியவில்லை.

இரண்டாவது தவணை தீபாவளிக்கு முன்னால் வந்தது. போனஸ் பேச வேண்டிய நேரமும் அதுதான். "அதுதான் ஊரடங்குப் பணம் கொடுத்தாச்சே" என்று தொடங்கினார் மேனேஜர். இது 2019-20 போனஸ், அந்தக் கணக்காண்டு மார்ச் 31-லேயே முடிந்துவிட்டது, ஏப்ரல் மே பணத்தை இதில் கழிக்க முடியாது என்றேன். ஓனரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று போனார். அந்த வாரமே சட்டப்படியான குறைந்தபட்ச போனஸ் 8.33 சதவீதம் போட்டார்கள்.