மெடல் விளிம்பில் இருந்த எண்

தாத்தாவின் மிலிட்டரி மெடலுக்கு (பிரிட்டிஷ் காலத்து வீர விருது) காகித ஆதாரம் தேடி ஏழு மாசம் அலைந்தேன். இரண்டாம் உலகப் போரில் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியியல் படையில் இருந்தவர். மெடல் வீட்டில் இருக்கிறது, எதற்காகக் கொடுத்தார்கள் என்பதற்கு ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. படையிலிருந்து விடுவிக்கும்போது கொடுத்த டிஸ்சார்ஜ் புத்தகத்தின் முதல் பக்கத்தைச் சித்தப்பா ‘பத்திரமா இருக்கட்டும்’ என்று லேமினேட் செய்திருந்தார். பிளாஸ்டிக்குக்குள் ஈரம் கோத்து, மை பரவி, முழுக்க ஊதா. பழைய காகிதத்தை லேமினேட் மட்டும் செய்யாதீர்கள், கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

முதலில் போன அலுவலகத்தில் லெட்ஜரைக்கூடத் தொடவில்லை. “வெள்ளைக்காரன் காலத்துதா? டிஸ்சார்ஜ் புக் கொண்டாங்க சார்.” அதில் இருந்ததைத்தானே ஐயா தேடுகிறேன்! மனு கொடுத்துவிட்டு வந்தேன். அடுத்தது வெளியூர், ராத்திரி முழுக்க பஸ். ரெஜிமென்ட் எண் (சிப்பாய்க்குப் படை கொடுத்த எண்) இல்லாமல் எதுவும் பார்க்க முடியாது என்று வாசலிலேயே திருப்பிவிட்டார்கள். பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அந்த ஆள் சொன்னது சரிதான். பென்ஷன் இல்லாமல் வந்தவர்களின் காகிதங்களை 25 வருஷம் கழித்து அழிப்பது விதி. மிஞ்சுவது லாங் ரோல் என்ற பதிவேடு. அதையும் எண்ணை வைத்துத்தான் புரட்ட முடியும்.

எண் கண்ணெதிரே இருந்தது, மெடலின் விளிம்பில். பாட்டி பொங்கலுக்குப் பொங்கல் விபூதி போட்டுத் துலக்கித் துலக்கி அதைத் தேய்த்து வைத்திருந்தார். இருட்டறையில் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்ததும் எழுத்து நிழலோடு எழுந்து நின்றது. கடைசி இலக்கம் 3-ஆ 8-ஆ என்று மட்டும் பிடிபடவில்லை.

விருதுகளை அறிவிக்கும் பிரிட்டிஷ் அரசிதழான லண்டன் கெஸட்டை ஆன்லைனில் இலவசமாகத் தேடலாம். பெயரைப் போட்டு மூன்று வாரம் வீண். நாம் ‘சாமி’யை எஸ், ஏ, எம், ஒய் என்று எழுதுகிறோம், ராணுவக் குமாஸ்தா எஸ், டபிள்யூ, ஏ, எம், ஐ என்று எழுதியிருக்கிறார். இனிஷியலும் இல்லை. 3 போட்டேன், ஒன்றுமில்லை. 8 போட்டேன், வந்துவிட்டார் தாத்தா! ஒரே வரி: எண், பதவி, பெயர், படைப்பிரிவு. செய்த காரியம் அதில் இருக்காது. அது பிரிட்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில், டபிள்யூ ஓ 373 என்ற வரிசையில், பரிந்துரைத் தாளாக இருக்கும். தேடுவதற்குக் காசில்லை. (சுதந்திரத்துக்குப் பிந்தைய வீர் சக்ரா போன்றவை என்றால் இந்தியக் கெஸட்டைப் பாருங்கள்.)

தட்டச்சு செய்த ஒரு பக்கம். கீழே அடுக்கடுக்காக அதிகாரிகள் கையெழுத்து. பாலம் கட்டியதற்குக் கிடைத்த மெடல் என்றுதான் வீட்டில் கதை. தாளில் இருப்பது இத்தாலியில், ராத்திரியில், ஷெல் விழ விழக் கண்ணிவெடி எடுத்த கதை. வாசித்துக் காட்டினேன். அத்தை நம்பாமல், “அப்ப பாலம்?” என்றார்.

மெடல், ரிப்பன், தாள் மூன்றையும் ஸ்கேன் செய்து, ஃபைலுக்குப் பெயரோடு எண்ணையும் வைத்து, நாலு வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். விபூதிக்குத் தடை.

போன வாரம் அந்த முதல் அலுவலகத்திலிருந்து பதில் வந்தது: ‘மேற்படி பெயரில் பதிவு ஏதும் இல்லை.’ பெயரை எஸ், ஏ, எம், ஒய் என்றே அடித்திருந்தார்கள். அதையும் ஸ்கேன் செய்து வைத்திருக்கிறேன்.