“பாத்துக்க” என்றேன்

நான் துடுப்புப் படகு பழக்கும் பையன் கேட்டது ஒரே கேள்விதான். “சார், ராத்திரி சாப்பிடலாமா?”

தராசில் 73.3 கிலோ காட்டியது. மறுநாள் காலை பந்தயத்துக்கு எடை பார்க்கும்போது 72.5-ஐத் தாண்டக் கூடாது. நான் துடுப்புகளைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தேன். நிமிராமலே “பாத்துக்க” என்றேன்.

சாப்பிடு என்றும் சொல்லவில்லை, சாப்பிடாதே என்றும் சொல்லவில்லை. இதைப் பல தடவை எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன்.

லைட்வெயிட்டில், அதாவது எடை வரம்பு வைத்த படகுப் பந்தயப் பிரிவில், இருந்தவர்களுக்கு இந்தக் கணக்கு மனப்பாடம். ஆண்கள் இரட்டையர் படகில் ஆளுக்கு 72.5 உச்சம், சராசரி 70. அதாவது ரெண்டு பேருக்கும் சேர்த்து 140 கிலோ. என் ஜோடி 69-க்குக் கீழே இறங்கவே மாட்டான். அவன் தின்ற சோற்றுக்கு நான் பட்டினி கிடப்பேன். ஹைதராபாத் உசேன்சாகர் ஏரிக்கரையில் ரெண்டு டிராக்சூட்டுக்கு மேல் மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு ஓடியிருக்கிறேன். அதிலும் இறங்காவிட்டால் புளிப்பு மிட்டாயைச் சப்பிச் சப்பி எச்சிலைப் பாட்டிலில் துப்ப வேண்டும். கால் பாட்டில் சேர்ந்தால் கால் பாட்டில் எடை குறைந்தது என்று கணக்கு. எடை பார்ப்பது பந்தயத்துக்கு ஒன்றிலிருந்து ரெண்டு மணி நேரத்துக்கு முன்னால். அந்த இடைவெளியில் உப்புக் கரைசலும் வாழைப்பழமுமாக உள்ளே தள்ளி, 2000 மீட்டர் துடுப்பு வலிக்க வேண்டும். துடுப்பு போடுவதற்கும் நோவுக்கும் தமிழில் ஏன் ஒரே சொல் என்று அப்போது யோசித்திருக்கிறேன்.

எங்கள் கோச்சிடம் நாங்களும் இதையேதான் கேட்போம். அவரும் “பாத்துக்க” என்றுதான் சொல்வார். அதற்கு என்ன அர்த்தம் என்று எங்களுக்குத் தெரியும். அப்படியானால் என் வாயிலிருந்து வந்தபோது பையனுக்கும் தெரிந்திருக்கும்தானே?

இதில் என்னை அரிப்பது வேறொன்று. 800 கிராம் ஒரு விஷயமே இல்லை. ராத்திரி தூங்கி எழுந்தாலே அரைக் கிலோ, முக்கால் கிலோ தானாகப் போய்விடும். காலையில் கொஞ்சம் ஓடினால் மிச்சமும் போகும். அவன் ஜோடி 66 கிலோதான், சராசரியும் இடிக்காது. ‘ரெண்டு இட்லி தின்னுட்டுப் படுடா’ என்று சொல்லியிருக்கலாம். இது எனக்குத் தெரியாதா? பன்னிரண்டு வருஷம் அதைத்தானே செய்தேன். உலக ஜூனியர் போட்டியில் லைட்வெயிட் பிரிவே கிடையாது என்பதும் தெரியும். வளர்கிற பிள்ளை, 17 வயசு. இங்கே அந்தப் பிரிவை வைத்திருந்தார்கள், நானும் பேர் கொடுத்தேன். கனத்த ஆட்களோடு இறக்கினால் கடைசியில் வருவான் என்று நினைத்தேன். அதுவும் பொய்யில்லை.

காலையில் 72.1. மூன்றாவதாக வந்தார்கள். மயங்கவில்லை, வாந்தி எடுக்கவில்லை, ஒன்றும் ஆகவில்லை. ஏதாவது ஆகியிருந்தால் தப்பு என்று ஒத்துக்கொண்டு முடித்திருப்பேன் என்று தோன்றுகிறது. ஆனால் அப்படித் தோன்றுவதே வசதியான நினைப்புதான்.

ஊர் திரும்பி ரெண்டாம் நாள். கச்சான், அதான் தென்மேற்குக் காற்று, அடிக்கும் மாசம். மன்னார் பக்கம் கடல் கொந்தளிக்கும், பாக் நீரிணைப் பக்கம் குளம் மாதிரி கிடக்கும். படகை ஏற்றிவிட்டு வந்தேன். ஏலம் முடிந்து அவன் அம்மா சூடை மீனைக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தார். தலை நிமிராமல் கேட்டார்.

“ராத்திரி ஒண்ணும் திங்காமக் கெடந்தானாமே. சார்தான் வேணாம்னு சொன்னாருங்குறான்.”

“நான் அப்படிச் சொல்லலையேம்மா.”

உண்மைதான். சொல்லவில்லை. பத்தடி தள்ளி அவன் படகின் ரிக்கரில், துடுப்பைத் தாங்கும் கம்பியில், உப்பைத் துடைத்துக்கொண்டிருந்தான். கேட்காமல் இருந்திருக்க முடியாது. துணியை நல்ல தண்ணீரில் நனைத்தான், பிழிந்தான், மறுபடி துடைத்தான். அந்த அம்மா “என்னமோ போங்க சார்” என்று கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அவன் பொய் சொன்னதாக அவர் வீட்டில் திட்டியிருப்பாரோ என்று பிறகுதான் தோன்றியது. போய் விளக்கலாம். என்னவென்று விளக்குவது?

2024 பாரிஸோடு ஒலிம்பிக்கில் லைட்வெயிட்டே முடிந்துவிட்டது. 2028 லாஸ் ஏஞ்சல்ஸில் அதற்குப் பதிலாகக் கடற்கரை ஓட்டம்: மணலில் ஓடிப் படகில் ஏறி, 250 மீட்டர் போய்த் திரும்பி, இறங்கி மறுபடி ஓட வேண்டும். எடை வரம்பு கிடையாது. வத்தைப் படகில் வளர்ந்த நம் பிள்ளைகளுக்கென்றே வைத்தது போல இருக்கிறது. நாங்களும் அதற்கு மாறிவிட்டோம். சந்தோஷம்தான், என் பதக்கங்களெல்லாம் இனி இல்லாத ஒரு விளையாட்டின் பதக்கங்கள் என்பதைத் தவிர.

தராசு மட்டும் இன்னும் ஷெட்டில்தான் இருக்கிறது. போன வாரம் விடியற்காலை போனபோது, சின்னப் பையன்கள் நாலு பேர் செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையில் நின்று ஏறிக்கொண்டிருந்தார்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள்.

“யாருடா ஏறச் சொன்னது?”

“யாரும் சொல்லல சார். சும்மா.”