மூன்று கம்பெனி, ஒரு இனிஷியல்

பன்னிரண்டு வருடம் பார்த்த சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலையை விட்டுவிட்டு 34 வயதில் பி.எட். சேர்ந்தேன். ராஜினாமா, 90 நாள் நோட்டீஸ், ரிலீவிங் லெட்டர், அட்மிஷன் எல்லாம் பிசகில்லாமல் நடந்தன. ஓய்வுபெற்ற அரசுப் பள்ளி ஆசிரியரான அப்பாவும், "இதை 2011லயே படிச்சிருக்கலாமேடா" என்பதோடு விட்டுவிட்டார். மாட்டிக்கொண்டது பி.எஃப். பணத்தில். இரண்டு வருடப் படிப்புக்கும் வீட்டுச் செலவுக்கும் அதைத்தான் நம்பியிருந்தேன்.

2012இல் சேர்ந்த முதல் கம்பெனி பி.எஃப். கணக்கில் என் பெயரை இனிஷியலோடு மட்டும் பதிந்திருந்தது. ஆதாரில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால் வருகிறது. நான் வேலையை விட்ட தேதியையும் அவர்கள் ஏற்றவில்லை. 2015இல் இரண்டாவது கம்பெனியில் பழைய யு.ஏ.என். எண்ணை (கம்பெனி மாறினாலும் மாறாத பி.எஃப். எண்) கேட்டபோது, சோம்பலில் 'இல்லை' என்று எழுதிக் கொடுத்தேன். புதிதாக ஒரு எண் முளைத்தது. இந்தத் தப்பு முழுக்க என்னுடையது.

விலகிய தேதியை நாமே ஆன்லைனில் பதியலாம் என்கிறார்கள். பதியலாம்தான், ஆதார் இணைந்திருந்தால். பெயர் பொருந்தாமல் ஆதார் எப்படி இணையும்? பெயரைத் திருத்த, நானும் முதல் கம்பெனியும் சேர்ந்து கையெழுத்துப் போட்ட கூட்டு உறுதிமொழிப் படிவம் வேண்டும். எச்.ஆருக்கு அனுப்பிய மெயில்கள் எல்லாம் திரும்பி வந்தன. சரி, நேரில் பார்ப்போம் என்று தென்காசியிலிருந்து பொதிகையில் கிளம்பி, காலையில் கிண்டி போய் நின்றேன். அந்த மாடியில் வேறு ஏதோ போர்டு. "அவங்க மூடிட்டுப் போய் ரெண்டு வருசம் ஆச்சு சார்" என்றார் வாட்ச்மேன். அன்று இரவே திரும்பினேன். அதற்குள் கல்லூரியின் முதல் தவணைக்கு மனைவியின் வளையல் அடகுக்குப் போயிருந்தது.

பி.எஃப். அலுவலகத்தில் உதவி மேசையில் இருந்த ஓர் அம்மாதான் வழி சொன்னார். கம்பெனி மூடியிருந்தால் வங்கி மேலாளர் போன்றவர்களிடம் சான்றொப்பம் வாங்கலாமாம். ஆனால் அங்கே வேலை பார்த்ததற்கு ஆதாரம் வேண்டும். சம்பளச் சீட்டெல்லாம் செயலிழந்த அலுவலக மெயிலோடு போய்விட்டது.

அப்பா டிரங்குப் பெட்டியைத் திறந்தார். அவருடைய எம்ப்ளாய்மெண்ட் அட்டைக்குக் கீழே என் முதல் நியமனக் கடிதம், லேமினேட் செய்யப்பட்டு! 1983இல் வேலைக்குச் சேரும்வரை மூன்று வருடத்துக்கு ஒருமுறை அந்த அட்டையைப் புதுப்பித்துக் காத்திருந்தவர். 2014இல் ஓய்வு பெறும்வரை அவருக்கு ஒரே எஸ்.ஆர். புத்தகம் (பணிப் பதிவேடு), அதுவும் அலுவலகத்தின் பொறுப்பு. எனக்கோ மூன்று கம்பெனிக்கும் நானேதான் குமாஸ்தா என்பது அன்றுதான் உறைத்தது. கையெழுத்துப் போட்ட வங்கி மேலாளர் அப்பாவின் பழைய மாணவர். காபி வேறு கொடுத்தார்.

ஒன்றில் மட்டும் தப்பித்தேன். கடைசிக் கணக்கில் இருப்பதை முதலில் எடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். "மூன்றையும் ஒன்றாக மாற்றிவிட்டு எடுங்கள்" என்று அந்த அம்மா தடுத்தார். கடைசி கம்பெனியில் என் சர்வீஸ் 4 வருடம் 9 மாதம். 5 வருடத்துக்குக் குறைந்தால் வரி பிடிப்பார்கள். பழையதை மாற்றிச் சேர்த்துவிட்டால் அந்தக் காலமும் கணக்கில் வரும்.

பி.எஃப்.போடு பென்ஷனுக்கென்று தனியாகச் சேர்ந்த பங்கையும் கையில் வாங்கிவிடலாம் என்ற கணக்கில் மண் விழுந்தது. மொத்த சர்வீஸ் 10 வருடத்தைத் தாண்டினால் அதை எடுக்க முடியாது. அந்த சர்வீஸுக்கு ஒரு சான்றிதழ்தான் தருவார்கள், 58 வயதில் பென்ஷன். கணக்குப் போட்டுப் பார்த்தால் மாதம் 2,300 ரூபாய்ச் சொச்சம் வரும். கடைசிச் சம்பளத்தில் பாதியைப் பென்ஷனாக நிர்ணயித்து வாங்கும் அப்பாவிடம் சொன்னேன். "அப்போ உனக்கும் பென்ஷன் உண்டுன்னு சொல்லு!" அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

பி.எஃப். பணம் நவம்பரில் வந்தது, வளையலும் திரும்பியது. பென்ஷன் சான்றிதழ் இப்போது டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. அடுத்த வேலையில் சேரும்போது அசலைக் கொடுக்க வேண்டும், தயவுசெய்து லேமினேட் மட்டும் செய்துவிடாதீர்கள் என்று அப்பாவிடம் இரண்டு முறை சொல்லியிருக்கிறேன்.