94,000 கிலோமீட்டருக்குப் பிறகு

வால்பாறையிலிருந்து ஆழியாருக்கு இறங்கும் 40 கொண்டை ஊசி வளைவுகளில்தான் என் 200 சிசி பைக் நோயைக் காட்டிக்கொடுத்தது. ஆக்சிலேட்டரை விட்டு கியரிலேயே இறங்கி, வளைவு முடிந்ததும் முறுக்கினால் பின்னால் நீலப்புகை. ஏற்றத்தில் சுத்தமாக இருக்கும்.

“பிஸ்டன் ரிங் போயிருந்தா ஏத்தத்துலயும் புகைக்கும் தம்பி. இது வால்வு சீலு,” என்றார் பொள்ளாச்சி மெக்கானிக் அண்ணன். ஆக்சிலேட்டர் மூடியிருக்கையில் இன்ஜினுக்குள் உண்டாகும் வெற்றிடம், வால்வுத் தண்டைச் சுற்றி இறுகிப்போன அந்த ரப்பர் சீலைத் தாண்டி ஆயிலை உறிஞ்சிவிடுகிறது.

இன்ஜின் ஹெட்டைக் கழற்றி, புது சீல் போட்டு, வால்வைத் தேய்த்துப் பொருத்தி, வால்வு இறுக்கமாக மூடுகிறதா என்று பார்க்க, அது மூடும் துளையான போர்ட்டில் பெட்ரோல் ஊற்றினார். பத்து நிமிடம் குனிந்தே பார்த்தேன். ஒரு சொட்டுகூடக் கசியவில்லை. வால்வுகளை இயக்கும் டைமிங் செயின், ஹேண்டில்பார் திரும்பும் பேரிங்கான கோன் செட்டும் மாற்றியாயிற்று.

விற்றுவிடச் சொல்கிறார்கள். மனசு வரவில்லை. நேற்று வால்பாறை தாண்டி, கேரள எல்லையிலிருக்கும் மளுக்கப்பாறை செக்போஸ்ட் வரை போய்வந்தேன். கண்ணாடியில் புகையே இல்லை, தேயிலைக்காடு மட்டும்தான்.