நூற்றியெட்டுத் தையல்

போன மாதம் மகள் ஒரு பந்தைக் கொண்டுவந்து, "அம்மா, தோல் பிரிஞ்சிருச்சு, தெச்சுக் குடு" என்றாள். ஒன்பதாவது படிக்கிறாள். பள்ளியில் பேஸ்பால் ஆடுகிறாள். நான் திருப்பூரில் 16 வருஷமாகப் பனியன் கம்பெனி டெய்லர். தையல் என்றால் என்னிடம்தானே வரும்.

எட்டு வடிவத்தில் இரண்டு தோல் துண்டுகள், ஒன்றையொன்று கவ்விக்கொண்டு உருண்டையாகின்றன. அந்தக் கட்டிங்கைத்தான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜோடி ஜோடியாக 108 தையல். பெரிய லீக் பந்துகளைக்கூட இன்னமும் கையால்தான் தைக்கிறார்களாம்.

கோணி ஊசி இரண்டு, மெழுகு தேய்த்த நூல், ஒரு ஞாயிற்றுக்கிழமை. முடித்துக் கொடுத்தால், விரல்களை வைத்துப் பார்த்துவிட்டு, "இங்க மேடு பத்தலம்மா" என்கிறாள். அந்தத் தையல் மேட்டைப் பிடித்துத்தான் பந்தைச் சுழற்றுவார்களாம். மேடு காற்றில் உரசித்தான் பந்து வளையுமாம். செக்கிங்கில் ரிஜெக்ட் ஆன பீஸ் மாதிரி பிரித்து மறுபடியும் தைத்தேன்.

இவளுக்கு எல்லாமே பீச்சக்கை. பள்ளியில் இருக்கும் கிளவுஸ் அத்தனையும் இடது கையில் மாட்டுவது. இவளுக்கு வலது கையில் மாட்டுவது வேண்டும். இருப்பதை மாட்டிக்கொண்டு, பந்தைப் பிடித்து, கிளவுஸை உதறிவிட்டு எறிவதற்குள் அடித்தவள் ஓடித் தொட வேண்டிய அடுத்த பேஸுக்குப் போய்விடுகிறாள். தீபாவளி போனஸில் வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

"பொம்பளப் புள்ளைக்கு சாப்ட்பால் போதாதா?" என்று கேட்கிறார்கள். அமெரிக்காவிலும் இதே கதைதான். 1974ல் லிட்டில் லீக் என்ற சிறுவர் பேஸ்பால் அமைப்பில் பெண் பிள்ளைகளைச் சேர்த்தார்கள். அந்த வருஷமே அவர்களுக்கென்று சாப்ட்பாலையும் தொடங்கிவிட்டார்கள். சாப்ட்பால் ஒன்றும் லேசில்லை. பெரிய பந்து 43 அடியிலிருந்து வருகிறது, பேஸ்பாலில் 60 அடி 6 அங்குலம். ஆனால் இவளுக்குப் பிடித்தது இது, அவ்வளவுதான்.

என் மாமியார், இவள் குழந்தையாக இருந்தபோது இடது கையால் சோற்றைத் தொட்டாலே கையில் ஒரு தட்டுத் தட்டுவார்கள். நேற்று அவரை உட்காரவைத்துக் கதை சொன்னாள். 1931ல் அமெரிக்காவின் சட்டனூகா ஊரில் ஜாக்கி மிட்செல் என்ற 17 வயதுப் பெண் பந்தெறிந்து, அந்தக் காலத்தின் பெரிய பேஸ்பால் அடிக்காரர்கள் பேப் ரூத்தையும் லூ கெரிக்கையும் அடுத்தடுத்து ஸ்ட்ரைக் அவுட், அதாவது அடிக்க முடியாமலே அவுட், ஆக்கிய கதை. சும்மா விட்டுக்கொடுத்தார்கள் என்று சொல்பவர்களும் உண்டு, அதை இவள் சொல்லவில்லை. "அந்தக்காவும் பீச்சக்கைதான் அப்பத்தா!"

மாமியார் கொஞ்சம் யோசித்தார். "அந்தப் புள்ள சோறும் அந்தக் கைலதான் திங்குமா கண்ணு?"