சேறு எங்கே முடிகிறது?

தூர்வாரும் வேலையில் பாதி கடலில் நடக்கும், மீதி பில்லில் நடக்கும். டிரெட்ஜர் என்ற தூர்வாரும் கப்பல் இத்தனை கன மீட்டர் சேறு அள்ளியது என்பார் காண்ட்ராக்டர். வாருவதற்கு முன்னும் பின்னும் எடுத்த ஆழ சர்வேயைக் கழித்துப் பார்த்தால் வேறொரு கணக்கு வரும். யாரும் பொய் சொல்ல வேண்டியதில்லை. ஹாப்பரில், அதாவது அள்ளியதைக் கொட்டும் கப்பல் தொட்டியில், சேற்றோடு தண்ணீரும் ஏறுகிறது, கிளறிய சேறு உப்பியும் விடுகிறது. வாரிய பள்ளத்திலோ உடனே புதுச் சேறு வந்து படியத் தொடங்கிவிடும்.

மேற்குக் கரையில் ஒரு துறைமுகத்தின் சர்வே பிரிவில் இருந்தபோது இந்தச் சண்டைக்கு நடுவில்தான் என் பிழைப்பு. ஒலியை அனுப்பி ஆழம் பார்க்கும் எக்கோ சவுண்டரில் இரண்டு அதிர்வெண் வைத்து அளப்போம். 200 கிலோஹெர்ட்ஸ் ஒலி இளஞ்சேற்றின் மேல்பரப்பிலேயே பட்டுத் திரும்பிவிடும். 33 கிலோஹெர்ட்ஸ் அதையும் தாண்டிக் கெட்டித் தரை பக்கம் வரை இறங்கும். மழைக்காலத்தில் இந்த இரண்டு ஆழங்களையும் காட்டும் கோடுகள் நன்றாகவே விலகி நிற்கும். ஒப்பந்தத்தில் எந்தக் கோடு எழுதியிருக்கிறதோ அதை வைத்துக் கணக்கை முடிப்போம்.

அப்போது ஒரு கல்லூரியின் கடல்சார் பொறியியல் துறையிலிருந்து சில மாணவர்கள் வந்தார்கள். சர்வே தாளைப் பார்த்த மாணவி ஒருவர், "இந்த ரெண்டு கோட்டுக்கும் நடுவுல கப்பல் போகுமா, போகாதா சார்?" என்று கேட்டார். எங்களுக்கும் தெரிந்த கேள்விதான். கேட்டால் பில் நின்றுவிடும் என்று யாரும் வாய் திறப்பதில்லை. பில்லில் கையெழுத்துப் போடாத ஒருவர் கேட்கவேண்டியிருந்தது.

நெதர்லாந்தின் ராட்டர்டாம் துறைமுகம் இதை 1970களிலேயே கேட்டுவிட்டது. சேற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 1200 கிலோவைத் தொடும் மட்டத்தையே கப்பலுக்கான தரையாக அங்கே வைத்தார்கள். அதற்கு மேலே இருப்பதில் கப்பல் போகலாம், வாரத் தேவையில்லை. அடர்த்தி மட்டும் போதுமா, எவ்வளவு விசை கொடுத்தால் சேறு நகரத் தொடங்குகிறது என்றும் பார்க்க வேண்டாமா என்று இப்போது டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தினர் அந்தத் துறைமுகத்தோடு சேர்ந்து ஆராய்கிறார்கள். துறைமுகத்துக்குத் தூர்வாரும் செலவு மிச்சமாகலாம். ஆய்வாளர்களுக்கோ ஆய்வகத்தில் கலக்கி எடுக்க முடியாத நிஜச் சேறு கிடைக்கிறது.

எங்கள் மாணவர்களும் சேற்று மாதிரி எடுத்து அடர்த்தி பார்க்கலாம் என்றார்கள். சரி என்றோம். ஆனால் காலம் ஒத்துவரவில்லை. அவர்களுக்கு விடுமுறை மே மாதத்தில், எங்களுக்குச் சேறு குவிவது ஜூனில் பருவமழை இறங்கிய பிறகு. அப்போது கடல் இருக்கும் இருப்பில் சர்வே படகு வெளியே போகும் நாளே குறைவு. கடல் அடங்கும்போது பிள்ளைகள் வகுப்பில் இருப்பார்கள். கடைசியில் பேராசிரியர் ஓர் ஆய்வு மாணவரை மழைக்காலம் முழுக்க எங்களோடே தங்கவைத்தார். வேலை நகர்ந்தது அதன் பிறகுதான். எந்த வளைவில் சேறு முதலில் சேரும் என்று படகை ஓட்டும் ஸ்ராங்கிடம் கேட்டு அங்கேயே மாதிரிக் குழாயை இறக்கினார் அவர். ஸ்ராங்கிடம் அதுவரை நாங்கள் அப்படிக் கேட்டதில்லை.

துறைமுகமும் கல்லூரியும் போடும் புரிந்துணர்வு ஒப்பந்தம் என்றாலே பொன்னாடை, புகைப்படம், ஒரு சிறப்புரை என்று நினைப்பவர்கள் இரண்டு பக்கமும் உண்டு. அதில் எனக்கு நம்பிக்கை இல்லை. 2018இல் மத்திய அரசின் துறைமுக வளர்ச்சித் திட்டமான சாகர்மாலாவின் கீழ் சென்னை ஐஐடியில் துறைமுகங்கள், நீர்வழிகள், கடற்கரைகளுக்கான தேசியத் தொழில்நுட்ப மையம் தொடங்கப்பட்டது. துறைமுகங்கள் தங்கள் தொல்லையை நேரே கொண்டுபோய் இறக்க ஓர் இடம் இருக்கிறது என்பதால் அந்த ஏற்பாடு எனக்குப் பிடிக்கும். 2023இல் வந்த சாகர் சம்ருத்தி என்ற தூர்வாரல் கண்காணிப்பு முறை அங்கே உருவானதுதான். தினசரி டிரெட்ஜிங் அறிக்கை, முன் சர்வே, பின் சர்வே எல்லாம் அதில் ஒரே இடத்தில் சேர்கின்றன. சண்டை தீர்ந்துவிடாது, ஆனால் இரண்டு தரப்பும் ஒரே தாளைப் பார்த்துச் சண்டை போடலாம்.

கல்லூரிகளோடு சேர்ந்து வேலை செய்யப் பெரிய தடை தரவுதான். நாளைக்கு வழக்கு என்று வந்தால் சர்வே கோப்பு சாட்சியாகிவிடும் என்று சட்டப் பிரிவு அதை வெளியே விடாது. அந்தப் பயத்தில் நியாயமும் இருக்கிறது. கணக்கு முடிந்து, வழக்கும் இல்லாத பழைய ஒப்பந்தங்களின் சர்வேயையாவது கல்லூரிகளுக்குக் கொடுக்கலாமே என்று எழுதிக் கேட்டேன். அதுவும் இப்போது சட்டப் பிரிவில்தான் இருக்கிறது.