ரக்பி மைதானத்தில் ஜாஸ்

துலூஸிலிருந்து மேற்கே நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். ஓஷ் ஊரைத் தாண்டியதும் சூரியகாந்தி வயல், அது முடிந்தால் மக்காச்சோளம், மறுபடி சூரியகாந்தி. “என்னங்க, நிஜமா இங்கேதான் ஜாஸ் விழாவா?” என்று என் மனைவி மூன்றாவது முறை கேட்டபோது மேட்டுக்கு அப்பால் ஒரு தேவாலயத்தின் ஊசிக் கோபுரம் எட்டிப் பார்த்தது. மர்சியாக் வந்துவிட்டது.

பிரான்சின் தென்மேற்கு மூலையில், ஜெர்ஸ் மாவட்டத்தில் இருக்கிறது இந்த ஊர். 1298-ல் கோடு போட்டுக் கட்டியது. நடுவில் பெரிய சதுக்கம், சுற்றிலும் வளைவுத் தாழ்வாரங்கள், நேர் நேராகத் தெருக்கள். மக்கள்தொகை 1,200 சொச்சம். ரயில் கிடையாது. கோடையில், ஜூலை-ஆகஸ்டில் நடக்கும் விழாவுக்கு மட்டும் இரண்டு லட்சம் பேருக்கு மேல் வருகிறார்கள். அத்தனை பேரும் எங்கே தூங்குவார்கள் என்று நான் முன்னமே யோசித்திருக்க வேண்டும். ஏப்ரலில் பதிவு செய்த அறையை, கிளம்புவதற்கு முதல் நாள் ‘மன்னிக்கவும்’ என்ற ஒரு வார்த்தையோடு ரத்து செய்துவிட்டார் வீட்டுக்காரர். கடைசியில் ஊருக்கு வெளியே ஒரு புல்வெளியில் கூடாரம் போட்டுப் படுத்தோம். பக்கத்துக் கூடாரத்தில் நள்ளிரவு வரை ஒருவர் ட்ரம்பெட் துடைத்துக்கொண்டிருந்தார். நல்லவேளை, ஊதவில்லை.

பெரிய கச்சேரிகள் நடப்பது சுமார் ஆறாயிரம் பேர் உட்காரும் ஒரு பிரம்மாண்டப் பந்தலில். அது நிற்பது ஊரின் ரக்பி மைதானத்தில். காஸ்கோனி எனப்படும் இந்த வட்டாரத்துக்காரர்களிடம் ரக்பி மைதானத்தைக் கேட்டு வாங்குவது லேசான காரியமில்லை. அதை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள் என்றால், இந்த விழாவை அவர்கள் எவ்வளவு உயரத்தில் வைத்திருக்கிறார்கள் என்று புரியும். உணவுக் கூடத்தில் தட்டு நீட்டுபவர், கார் நிறுத்த இடம் காட்டுபவர், பந்தல் வாசலில் டிக்கெட் கிழிப்பவர், எல்லாரும் சம்பளமில்லாத தொண்டர்கள். எங்களுக்கு வாத்து இதயத்தைக் கம்பியில் சுட்டுக் கொடுத்தவர் பதினோரு மாதம் திராட்சைத் தோட்டக்காரர். ஊர்கூடித் தேர் இழுப்பது என்போமே, அதை நேரில் பார்த்தது இங்கேதான்.

சரி, பாரிசில் இல்லாமல் இந்த வயற்காட்டில் ஏன் ஜாஸ்?

விழா தொடங்கியது 1978-ல். முன்னால் நின்று இழுத்தவர் உள்ளூர்ப் பள்ளியில் பணியாற்றிய ழான்-லூயி கியோமோன். பின்னாளில் ஊருக்கு மேயரும் ஆனார். ஆனால் ஒரு பள்ளிக்கூடத்துக்காரர் ஆசைப்பட்டால் மட்டும் விழா நடந்துவிடாது. அவருடைய அதிர்ஷ்டம், காரில் போய் அழைக்கிற தூரத்தில் இரண்டு அசல் வித்வான்கள் குடியிருந்தார்கள். ஒருவர் கி லாஃபித். 1927-ல் அருகிலுள்ள சான்-கோதான்ஸில் பிறந்த டெனர் சாக்ஸபோன் கலைஞர். 1950-களின் தொடக்கத்திலேயே பிக் பில் புரூன்சி, மெஸ் மெஸ்ரோ போன்ற அமெரிக்கர்களோடு வாசித்தவர். 1954-ல் பிரான்சில் ஜாஸ் கலைஞர்களுக்குத் தரும் ஜாங்கோ ரைன்ஹார்ட் பரிசு வாங்கியவர். கடைசிவரை இதே ஜெர்ஸ் மாவட்டத்தில் சிமோர் என்ற சிற்றூரில் இருந்து, 1998-ல் அங்கேயே காலமானார். இன்னொருவர் ட்ரம்பெட் கலைஞர் பில் கோல்மன். 1904-ல் கென்டக்கி மாநிலத்தில் பிறந்தார். பிறந்த ஊரின் பெயர், நம்பினால் நம்புங்கள், பாரிஸ். நிறவெறி மிகுந்த அமெரிக்காவைவிட பிரான்ஸ் மேல் என்று 1948-ல் நிரந்தரமாக வந்தவர், கடைசியில் காஸ்கோனியில் வேரூன்றி 1981-ல் துலூஸில் கண்மூடினார். இருவரும் நெடுநாள் கூட்டாளிகள். விழாவுக்குத் தூணாக நின்றவர்களும் இவர்களே.

சுவரொட்டியில் அமெரிக்க ட்ரம்பெட் கலைஞர் வின்டன் மார்சாலிஸ் பெயர்தான் பெரிதாக இருக்கும். ஊருக்குள் அவருக்கு வெண்கலச் சிலையே உண்டு. அவரும் இந்த ஊர் மேல் ஒரு முழு இசைத்தொகுப்பு எழுதிக் கடனைத் தீர்த்துவிட்டார். எனக்கு அதில் குறையில்லை. ஆனால் அந்த இரண்டு பக்கத்து ஊர்க்காரர்களும் இல்லாவிட்டால் மார்சாலிஸுக்கு மர்சியாக் என்ற பெயரே தெரிந்திருக்காது.

முதல் நாள் இரவு பந்தலுக்குப் போனோம். இருபத்தெட்டாவது வரிசை. மேடையில் இருந்தவர்களைவிடப் பக்கவாட்டுத் திரையைத்தான் அதிகம் பார்த்தேன். வாசிப்பு குற்றமில்லாமல் இருந்தது, அவ்வளவுதான் நினைவிருக்கிறது.

மறுநாள் சதுக்கத்தில் கேட்டது வேறு. பகலெல்லாம் அங்கே இலவசக் கச்சேரி. மேலே வெயிலுக்குத் துணி விரித்திருக்கிறார்கள். மேடையில் உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகள். இந்தப் பள்ளியின் கதையும் சுவையானது. 1990-களின் தொடக்கத்தில் பிள்ளைகள் குறைந்து மூடும் நிலைக்கு வந்தபோது, 1993-ல் பாடத்திட்டத்தோடு ஜாஸ் வகுப்பைச் சேர்த்தார்கள். வெளியூர்களிலிருந்து பிள்ளைகள் வந்து விடுதியில் தங்கிப் படிக்க ஆரம்பித்தார்கள்; பள்ளி பிழைத்தது. முதல் அணியில் சேர்ந்த பதினோரு வயதுப் பையன் எமில் பரிசியன் இன்று ஐரோப்பாவின் முன்னணி சோப்ரானோ சாக்ஸபோன் கலைஞர். 2012-ல் அவருக்குக் கிடைத்ததும் ஜாங்கோ ரைன்ஹார்ட் பரிசுதான், லாஃபித் வாங்கிய அதே பரிசு.

அன்று வாசித்த பெண்ணுக்குப் பதிமூன்று வயது இருக்கலாம். கழுத்தில் தொங்கிய ஆல்டோ சாக்ஸபோன் அவள் இடுப்புக்குக் கீழே இறங்கியிருந்தது. நாதஸ்வரத்துக்குச் சீவாளி போல இதற்கும் ஒரு நாணல் பட்டை உண்டு. அதை நாக்கில் நனைத்துப் பார்த்து, முகம் சுளித்து, பெட்டியிலிருந்து இன்னொன்றை எடுத்துப் பொருத்தினாள். ட்ரம்ஸ் பையன் பிரஷ்ஷால் தேய்த்தபடி காத்திருந்தான். மெதுவான பாட்டு. அவள் தன் முறை வந்து இரண்டு வரி போயிருப்பாள். கோபுரத்து மணி ஐந்து அடிக்கத் தொடங்கியது. சுருதிக்குச் சம்பந்தமே இல்லாத மணி. அவள் நிறுத்தினாள். மூன்றாவது அடியில் கண்ணை மூடிக்கொண்டாள். ஐந்தாவது அடங்கியதும் மணியின் அதே ஸ்வரத்தைப் பிடித்து, அதிலிருந்து அரை ஸ்வரம் சறுக்கி, பாட்டுக்குள் வந்து சேர்ந்தாள். கூட்டம் ‘ஓ’ என்றது. நாம் மனோதர்மம் என்று சொல்வது இதைத்தானே!

எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பாட்டியம்மா திரும்பி, “லாஃபித் இருந்தால் சிரித்திருப்பார்” என்றார். அவரைத் தெரியுமா என்று கேட்டேன். “இந்தப் பக்கம் யாருக்குத்தான் தெரியாது?” என்று சொல்லிவிட்டு மறுபடி மேடைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அப்புறம் இரண்டு நாளும் பந்தல் பக்கம் போகவில்லை. வாங்கி வைத்த டிக்கெட்டுகளை முகாமில் ஓர் இளைஞனுக்கு விற்றுவிட்டோம். தாழ்வார நிழலில் உட்கார்ந்து, ஆர்மன்யாக் பிராந்தி மணக்கும் குருஸ்தாது என்ற ஆப்பிள் பணியாரத்தைப் பிய்த்துத் தின்றுகொண்டு, வருவதையெல்லாம் கேட்டோம். சில குழுக்கள் சுமார். ஒரு பாடகி பரிதாபம். வெயில் 37 டிகிரி, மூன்றாம் நாள் எனக்குத் தலைவலி.

கிளம்பும்போது பழைய இசைத்தட்டு விற்கும் கடையில் மனைவி குனிந்து துழாவி ஒரு சிடியை எடுத்தாள். கோல்மனும் லாஃபித்தும் சேர்ந்து 1973-ல் சுவிட்சர்லாந்தின் மோந்த்ரோ விழாவில் வாசித்தது. எங்கள் கார் பழசு, சிடி ஓடும். முதலில் ட்ரம்பெட், பிறகு அந்தத் தடித்த, மூச்சுக் காற்றோடு வரும் டெனர். ஓஷ் வரும்வரை நாங்கள் இருவரும் பேசவில்லை. டோல்கேட்டில் சில்லறை தேடத்தான் சத்தத்தைக் குறைத்தோம்.